களஞ்சியமும் திறவுகோலும்



நம் கூலாயில் செம்பனைத் தோட்டமாக இருந்த நிலத்தில் இன்று தரவு மையங்கள் எழுந்துள்ளன. அத்தகைய மையங்களில் குவியும் தரவுகளைக் காக்கும் மென்பொருளின் வரலாற்றில் தமிழர் ஒருவருக்கும் பங்குண்டு.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆனந்த் பாபு பெரியசாமி, 2005-இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற குளஸ்டர் நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவர். பல சாதாரணக் கணினிகளின் வட்டுகளை இணைத்து ஒரே களஞ்சியமாக்குவது அம்மென்பொருளின் பணி. தொடக்கத்தில் நிருவாகி அமைப்புக் கோப்புகளைத் தம் கையாலேயே எழுத வேண்டியிருந்தது. 2010-இல் வெளிவந்த 3.1 பதிப்பில்தான் அதற்கெனத் தனி நிருவாகக் கருவி வந்தது. 2011-இல் ரெட் ஹேட் நிறுவனம் ஏறத்தாழ 13.6 கோடி அமெரிக்க டாலருக்குக் குளஸ்டரை வாங்கியது.

2014-இல் அவரும் வேறு சிலரும் மினியோ என்னும் களஞ்சிய மென்பொருளைத் தொடங்கினர். இதன் நிருவாகக் கருவி தனிப் பொதியாகவே வழங்கப்பட்டது. களஞ்சியம் ஓரிடத்தில் இருக்க, நிருவாகி வேறிடத்திலிருந்து ஆளலாம் அன்றோ? பதிப்பு எண்ணாக வெளியீட்டு நாளும் நேரமும் இடப்பட்டன. எது புதியது என்பது பார்த்தவுடனே விளங்கும்.

பெயரில்தான் சிக்கல் எழுந்தது. 'எம்.சி.' என்று கருவிக்குப் பெயரிட்டனர். அப்பெயரிலோ 1994 முதலே மிட்நைட் கமாண்டர் என்ற வேறொரு மென்பொருள் வழங்கி வந்தது. ஒரே வகுப்பில் இரண்டு முத்துகள் இருந்தால் ஆசிரியர் என்ன செய்வார்? அவ்வாறே லினக்ஸ் பொதிகளில் 'எம்.சி.எல்.ஐ.' எனப் பெயர் மாறியது.

2025 மே மாதத்தில் மினியோவின் இலவசப் பதிப்பில், இணைய உலாவிவழி இயங்கிய நிருவாக வசதிகள் நீக்கப்பட்டன. அக்டோபரில் ஆயத்தப் பொதிகள் வழங்குவதும் நின்றது. மூலநிரல் மட்டுமே எஞ்சியது. உரிமப்படி அதை எவரும் தொகுத்துப் பயன்படுத்தலாம். ஆனால், தொகுக்கத் தெரியாதவருக்கு அவ்வுரிமையால் பயன் என்ன? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

வினாத்தாள்கள், மாணவர் படைப்புகள், பள்ளி ஆண்டு மலர்கள் எனப் பலவற்றையும் நாம் பிறர் களஞ்சியங்களில் வைத்துள்ளோம். அவற்றிற்கு நம் கையிலும் ஒரு படி இருத்தல் வேண்டும். நம் பிள்ளைகள் கருவியைப் பயன்படுத்துவதோடு நில்லாமல், அதை ஆக்கவும் கற்றல் வேண்டும். களஞ்சியம் எவருடையதாயினும் ஆகுக. திறவுகோல் செய்யும் கலை நம்மிடம் இருக்கட்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.