கள்ளுக்கடை முதல் மைகார்ட் வரை

ஜாலான் அம்பாங் வழியே கிழக்கு நோக்கிப் போகிறவருக்குக் கோலாலம்பூர் எங்கே முடிகிறது, சிலாங்கூர் எங்கே தொடங்குகிறது என்பது கண்ணில் படாது. 1974 பிப்ரவரி 1ஆம் தேதி தலைநகரம் கூட்டரசுப் பிரதேசமானபோது விழுந்த கோடு அது. கோட்டுக்கு இந்தப் பக்கம் கோலாலம்பூர் மாநகர் மன்றம். அந்தப் பக்கம் 1992இல் அமைந்த அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகம். மது விற்பனையில் இந்தக் கோட்டுக்குப் பெரிய அர்த்தம் உண்டு. மளிகைக் கடை, சீன மருந்துக் கடை, இரவெல்லாம் திறந்திருக்கும் கடை ஆகியவற்றில் பிராந்தி, விஸ்கி போன்ற கடும் மது விற்கக் கூடாது என்றும், பீரைக் காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை மட்டும் விற்கலாம் என்றும் 2020 நவம்பரில் கோலாலம்பூர் உரிம வாரியம் அறிவித்தது. அந்த வாரியத்தின் அதிகாரம் அந்தக் கோட்டோடு நின்றுவிடுகிறது. ஆனால் இரு பக்கமும் மாறாத ஓர் எண் உண்டு: 21. மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 2017 டிசம்பர் 1 முதல் 18இலிருந்து 21க்கு உயர்ந்தது. இளைஞர் ஒழுக்கம் பற்றிய சட்டமாகவே இதைப் பலரும் பேசுகிறார்கள். என் வாதம் வேறு. வயது வரம்பு என்பது விற்பவரைக் கட்டும் சட்டம். கிள்ளான் பள்ளத்தாக்கின் மது வரலாறு, யார் விற்றார், யார் லாபம் பார்த்தார் என்ற கேள்வியைச் சுற்றியே நகர்ந்திருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத எந்த வயது வரம்பும் காகிதத்தோடு நின்றுவிடும்.

கதை அம்பாங்கிலேயே தொடங்குகிறது. 1857இல் கிள்ளானின் ராஜா அப்துல்லா ஈயம் தோண்ட 87 சீனத் தொழிலாளர்களை ஆற்று வழியே அனுப்பினார். காய்ச்சல் வாரிக்கொண்டு போனது போக, ஒரு மாதத்தில் எஞ்சியவர்கள் 18 பேர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் சுரங்கத்தை நிலைநிறுத்தினார்கள். ஆனால் முதலாளிக்கு லாபம் ஈயத்திலிருந்து மட்டும் வரவில்லை. சுரங்கத்தில் கொடுத்த கூலி அபின், சாராயம், சூதாட்டம் வழியே மீண்டும் அவர் பெட்டிக்கே வந்து சேர்ந்தது. மது விற்கும் உரிமையையும் அதன் வரியை வசூலிக்கும் உரிமையையும் அரசு குத்தகைக்கு விட்டது. சீனர் தலைவரான கப்பித்தான் யாப் ஆ லோய் போன்ற பெரும்புள்ளிகளின் கையில் அந்தக் குத்தகைகள் இருந்தன. ஆட்சிக்கு உறுதியான வருமானம், குத்தகைக்காரருக்கு விற்கிற அளவைப் பொறுத்த லாபம். இந்த ஏற்பாட்டில் வாடிக்கையாளர் என்றால் கையில் காசு உள்ளவர், அவ்வளவுதான். அவர் வயதில் அக்கறை காட்ட யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

ரப்பர் வந்த பிறகு இதே கணக்கு தமிழர் பக்கம் திரும்பியது. தோட்டத்துக் கள்ளுக்கடைக்கு உரிமம் தோட்ட மேலாளரான துரையின் பெயரில் இருந்தது. விடியலுக்கு முன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, பிறகு பால் வெட்டு, நண்பகலில் பால் நிறுவை. அந்தியில் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் கள்ளுக்கடை திறக்கும். கூலி கொடுத்த நிர்வாகத்தின் மேற்பார்வையிலேயே மாலையில் அந்தக் கூலியில் ஒரு பங்கு கள்ளாகச் செலவாகும். கடையின் வருவாய் தொழிலாளர் நலனுக்குச் செலவிடப்படுவதாகச் சொல்லப்பட்டது. அதாவது, தன் நலத்திற்கான பணத்தைத் தொழிலாளி தானே குடித்துச் சேர்க்க வேண்டும். தோட்ட முதலாளிகளிடம் இதற்கு இரண்டு நியாயங்கள் இருந்தன. கள் சத்துள்ளது, கள்ளை மூடினால் ஆட்கள் கள்ளச் சாராயமான சம்சுவுக்குப் போவார்கள். இரண்டாவது நியாயத்தை நினைவில் வைத்துக்கொள்வோம், அது நூறாண்டு கழித்தும் வேறு உடையில் வருகிறது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தியத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட கூலியில் ஆண், பெண், சிறுவர் என்று தனித்தனி விகிதம் இருந்தது. சிறுவனுக்குக் குறைத்துக் கொடுக்க வேண்டிய இடத்தில் வயது பார்க்கப்பட்டது. கள்ளைப் பற்றிய வாதப் பிரதிவாதமோ சத்து, சம்சு, ஆள்பலம் என்ற வட்டத்திலேயே சுழன்றது.

இந்த ஏற்பாட்டைத் தோட்டத் தொழிலாளர்களே எதிர்த்தார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் படித்தால் இது தெளிவாகும். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, பெண்களிடம் அத்துமீறுவதற்கு முடிவு, துரையின் முன்னால் சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமை என்ற வரிசையில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. குடிப்பது பாவம் என்ற பிரசங்கமாக அது எழுதப்படவில்லை. கூலியும் மானமும் இடம்பெற்ற அதே பட்டியலில் கள்ளுக்கடையும் இடம்பெற்றது, ஏனென்றால் மூன்றையும் அவர்கள் ஒரே பிடியின் விரல்களாகப் பார்த்தார்கள். போராட்டத்தின் முன்னணியில் நின்ற ஆர். எச். நாதன் மே மாதம் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் கெடாவில் தோட்டத் தொழிலாளரிடையே எழுந்த தொண்டர் படையும் கள்ளுக்கடை மறியலைத் தன் அடையாளமாக்கிக்கொண்டது. மதுக் கட்டுப்பாடு இந்த நாட்டில் பிறர் தமிழர்மேல் சுமத்தியது என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகிறார்கள்.

ஆனால் வீட்டு நினைவுகள் வேறு மாதிரிப் பேசும். முனீஸ்வரர் படையலில் சுருட்டோடு சாராயமும் இருக்கும், பூசை முடிந்தால் அது பெரியவர்களிடையே பங்கு போகும். பிள்ளை பெற்ற உடம்புக்கு ஸ்டவுட் பலம் தரும் என்ற நம்பிக்கை சீனர் வீடுகளிலும் தமிழர் வீடுகளிலும் இருந்தது. தீபாவளிக்கு வந்த மாமன் கண்ணாடிக் குவளையின் அடியில் விட்டுவைத்த பீரைச் சிறுவன் ருசி பார்ப்பதும், அப்பாவுக்காகச் சிறுவனே கடைக்குப் போய்ப் போத்தல் வாங்கி வருவதும் ஊரறிந்த கதைகள். இவற்றைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அதிலிருந்து பிறப்பதுதான் வயது வரம்புக்கு எதிரான பழகிய வாதம்: நாங்களெல்லாம் சின்ன வயதிலேயே குடித்தவர்கள்தாம், கெட்டா போனோம்? இந்த வாதத்தின் ஓட்டை எளியது. கதை சொல்லும் நிலையில் இருப்பவர் தப்பித்து வந்தவர். ஐம்பதைத் தாண்டாமல் கல்லீரல் கெட்டு இறந்தவரும், மோட்டார் சைக்கிளோடு சாலையில் விழுந்தவரும் அந்தச் சிரிப்பில் பங்கெடுக்க வருவதில்லை. அந்தக் கதைகளில் இன்னொன்றும் புதைந்து கிடக்கிறது. சிறுவன் கையில் போத்தலைக் கொடுத்தவர் ஒரு கடைக்காரர். நினைவு சிறுவனின் குறும்பை வைத்துக்கொண்டு கடைக்காரரை மறந்துவிடுகிறது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களானபோது தமிழர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் வந்தார்கள். கள்ளின் இடத்தை மலிவுச் சம்சு பிடித்தது. இப்போது அது காட்டில் காய்ச்சியதன்று, உரிமத்தோடு ஆலையில் கலந்து, சிறு போத்தலில் அடைத்து, சில ரிங்கிட்டுக்கு மளிகைக் கடையில் விற்கப்பட்டது. எஸ். எம். முகமது இத்ரிஸ் தலைமையில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தது. சுகாதார அமைச்சராக இருந்த டத்தோஸ்ரீ டாக்டர் ச. சுப்பிரமணியத்தின் காலத்தில், 2016இல், 1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகள் திருத்தப்பட்டன. செய்திகளில் 21 என்ற எண்தான் பெரிதாக வந்தது. திருத்தத்தின் உயிர் மற்ற விதிகளில் இருந்தது. கலப்புக் கடும் மதுவை 700 மில்லிக்குக் குறையாத கண்ணாடிப் போத்தலில்தான் விற்க வேண்டும். மது உடல்நலத்துக்குக் கேடு என்ற எச்சரிக்கை போத்தலில் இருக்க வேண்டும். 21 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு விற்பனை இல்லை என்ற அறிவிப்பைக் கடையில் வைக்க வேண்டும். அதே 2016 மார்ச்சில் கலால் வரியும் ஆல்கஹால் அளவைப் பொறுத்ததாக மாற்றப்பட்டது. பள்ளி மாணவனின் சட்டைப் பைக்குள் ஒளியும் போத்தலும் அவன் கைச்செலவுக்குள் அடங்கும் விலையும் இல்லாமல் போனால், வயதை விசாரிப்பதற்கு முன்பே பாதித் தடை விழுந்துவிடுகிறது.

21 என்ற வரம்புக்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. 2019 ஜூலை 16 அன்று வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18க்குக் குறைக்கும் திருத்தத்தை மக்களவை நிறைவேற்றியது. 2022 நவம்பரில் நடந்த பொதுத்தேர்தலில் 18 வயதினர் வாக்களித்தார்கள். 1971ஆம் ஆண்டின் வயது வந்தோர் சட்டப்படியும் 18 முடிந்தவர் முழு ஆள், ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம். நாட்டின் பிரதமரைத் தீர்மானிக்கத் தகுதியுள்ளவருக்கு ஒரு டின் பீர் வாங்கத் தகுதியில்லையா? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லா உரிமைக்கும் ஒரே வயது என்பது எந்த நாட்டுச் சட்டத்திலும் இல்லை. இதே வாதத்தை நடைமுறையில் சோதித்துப் பார்த்த நாடு அமெரிக்கா. 1971இல் அங்கே வாக்கு வயது 18 ஆனதும் பல மாநிலங்கள் மது வயதையும் இறக்கின. இளைஞர் சாலை விபத்துகள் பெருகியதைக் கண்டபின், 1984இல் கூட்டரசு நெடுஞ்சாலை நிதியைப் பிடித்துவைப்போம் என்று நெருக்கி மீண்டும் 21க்கு ஏற்ற வேண்டியதாயிற்று. இலங்கை 2006இல் 21ஐ எடுத்துக்கொண்டது. சிங்கப்பூர் 18இல் நிற்கிறது, ஆனால் அங்கே மதுவின் விலையும் உரிமக் கண்காணிப்பும் அந்த எண்ணுக்குத் துணை நிற்கின்றன. வாக்குச் சீட்டை இளைஞர் கையில் கொடுப்பவருக்கு அதில் லாபம் இல்லை. போத்தலைக் கொடுப்பவருக்கு உண்டு. இந்த வேறுபாடு போதும், இரண்டுக்கும் வெவ்வேறு வயது வைப்பதில் முரண்பாடு இல்லை என்று சொல்ல.

இரண்டாவது மறுப்பு, பழைய துரைமாரின் வாதம்: கடையை இறுக்கினால் கள்ளச் சரக்குக்குப் போவார்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மது பல உயிர்களைக் குடித்தது இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. சான்றைச் சற்று நெருங்கிப் பார்த்தால் அது வேறொன்றைச் சொல்கிறது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பகுதி வயது வந்தவர்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்களும் பலர். வயது வரம்பு அவர்களைத் தொடவே இல்லை. அவர்களைக் கொன்றது மலிவு விலையில் போலிச் சரக்கை விற்க முடிந்த சந்தை. வரி உயர்வு கள்ளச் சந்தைக்கு இடம் கொடுக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் வரியோடு சுங்கக் கண்காணிப்பும் சேர்ந்து நடக்க வேண்டும். ஆனால் கள்ளச் சந்தை இருக்கிறது என்பதற்காகப் பதினெட்டு வயதுக்காரருக்கு நல்ல சந்தையைத் திறந்துவிட வேண்டும் என்பது 1920களின் துரைக்கு வசதியான தர்க்கம், நமக்கு அல்ல.

மூன்றாவது மறுப்பை எளிதில் ஒதுக்க முடியாது. இஸ்லாமியருக்கு எந்த வயதிலும் மது விலக்கப்பட்ட நாட்டில், முஸ்லிம் அல்லாதவர்மேல் வரும் ஒவ்வொரு கட்டுப்பாடும் சமயத் தலையீடோ என்ற அச்சத்தைக் கிளப்புகிறது. 2020இல் கோலாலம்பூர் வாரியம் வெளியிட்ட வழிகாட்டி அந்த அச்சத்துக்கு ஓரளவு தீனி போட்டது. அது வயதையோ விலையையோ தொடாமல், கடையின் வகையையும் விற்பனை நேரத்தையும் தொட்டது. நாற்பது வயதுக்காரர் தன் வீட்டுக்கு அருகில் வாங்குவதைத் தடுக்கும் ஒரு விதி, கோட்டைத் தாண்டி அம்பாங் ஜெயாவுக்குப் போனால் செல்லாது என்றால், அது எந்தத் தீங்கைத் தடுக்கிறது என்று கேட்பது நியாயம். ஆனால் 2016ஆம் ஆண்டின் திருத்தத்தை இதோடு சேர்த்துக் கட்டுவது சரியன்று. அதைக் கொண்டுவந்தவர் அப்போது மலேசிய இந்தியர் காங்கிரசின் (ம.இ.கா.) தலைவராக இருந்த ஒரு தமிழர். அதன் குறி மலிவுச் சம்சு. அதன் வேர் கிள்ளான் தொழிலாளரின் கோரிக்கைப் பட்டியல்வரை ஓடுகிறது. ஒரு கட்டுப்பாட்டை எடைபோட, கொண்டுவந்தவரின் சமயத்தைப் பார்ப்பதைவிட, அது யாருடைய லாபத்தைக் குறைக்கிறது என்று பார்ப்பது நம்பகமான வழி.

அப்படிப் பார்த்தால் இப்போதைய சட்டத்தின் பலவீனமும் தெரியும். மலேசியர் ஒவ்வொருவரும் 12 வயதில் பெறும் மைகார்ட் அடையாள அட்டையில் உள்ள எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். கல்லாவில் நிற்பவர் கணக்குப் போட ஒரு நொடி போதும். கருவி கையில் இருக்கிறது. கருவியைப் பயன்படுத்தாத கடைக்கு உரிமம் போகும் என்ற பயம்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது. உணவு விதிமுறைகளைப் பார்ப்பது சுகாதார அமைச்சு, உரிமம் கொடுப்பது வட்டார வாரியம், வரி வசூலிப்பது சுங்கத்துறை. மூவரும் ஒரே கடைக்கு வெவ்வேறு நாளில் வந்து வெவ்வேறு தாளைக் கேட்கிறார்கள். சிறுவருக்கு விற்று ஒரு முறை பிடிபட்டால் உரிமமே கேள்விக்குள்ளாகும் என்ற ஒரே விதி கோட்டின் இரு பக்கமும் இருந்தால், 21 என்பதற்கு உயிர் வரும். இல்லையேல் வயதை 18 ஆக்கினாலும் 25 ஆக்கினாலும் வேறுபாடு இராது. 1941இல் கிள்ளான் தோட்டத்தில் நின்றவர்கள் குடிகாரனைத் திருத்துங்கள் என்று எழுதவில்லை, கடையை மூடுங்கள் என்று எழுதினார்கள். கடைகளை எல்லாம் மூடும் காலம் இதுவல்ல, அது தேவையும் இல்லை. ஆனால் கேள்வியை யாரிடம் கேட்க வேண்டும் என்பதில் அவர்கள் சரியாக இருந்தார்கள்.