சிகரெட் புகையிலுள்ள புற்றுநோய்க் காரணிகள்

சிகரெட் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்குபவை. இந்த நஞ்சில் பெரும்பகுதி ஆலையில் கலக்கப்படுவதன்று. இலையோடு வருவது, பதப்படுத்தும்போது உருவாவது, எரியும்போது பிறப்பது என்பவையே மிகுதி. எனவே ‘செயற்கைப் பொருள் சேராதது’ என்று விற்கப்படும் சிகரெட்டும் கேடு குறைந்ததன்று.

புகையிலைச் செடி மண்ணிலுள்ள காட்மியத்தை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். பாஸ்பேட் உரத்தின் வழியே வரும் கதிரியக்கப் பொலோனியம்-210 இலையின் பிசுபிசுப்பான நுண்மயிர்களில் படிகிறது. இலையை உலர்த்திப் பதப்படுத்துகையில், நிக்கோட்டினிலிருந்தும் அதன் இனப் பொருட்களிலிருந்தும் நைட்ரோசமீன்கள் தோன்றுகின்றன. மென்று அடக்கும் புகையிலையிலும் இவை உண்டு. நெருப்பே படாத புகையிலையாலும் வாய்ப்புற்று வருவதற்கு இவை முக்கியக் காரணம்.

புகையை இழுக்கும் நொடியில் சிகரெட்டின் கனல் சுமார் 900 டிகிரி செல்சியசை எட்டுகிறது. கனலுக்குச் சற்றுப் பின்னால் ஆக்சிஜன் போதாமல் இலை அரைகுறையாகக் கருகுகிறது. பென்சீன், பார்மால்டிஹைடு, 1,3-பியூட்டாடையீன், பென்சோபைரீன் எல்லாம் இப்படிப் பிறப்பவையே.

இவற்றுள் பென்சோபைரீன் செயல்படும் விதம் நன்கு ஆராயப்பட்டிருக்கிறது. அது நீரில் கரையாது. அதைக் கரையவைத்து வெளியேற்ற உடலின் நொதிகள் முயல்கின்றன. அந்த முயற்சியின் இடையிலேயே, டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்ளும் கொடிய வடிவத்தை அது பெற்றுவிடுகிறது. அது ஒட்டிய இடத்தில், செல் பிரியும்போது மரபுச் செய்தி பிழையாகப் படியெடுக்கப்படலாம். கட்டுமீறிப் பெருகும் செல்லைத் தடுப்பது பி53 என்னும் மரபணு. நுரையீரல் புற்றுக்கட்டிகளில் அந்த மரபணு பழுதுபட்டிருக்கும் இடங்களிலேயே பென்சோபைரீனும் ஒட்டுகிறது என்று 1996-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. புள்ளிவிவரத் தொடர்பு மட்டுமே என்று சிகரெட் நிறுவனங்கள் சொல்லிவந்த மறுப்புக்கு அதன்பின் இடமில்லை.

நிக்கோட்டின் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தப்படவில்லை. ஆனால் சில நொடிகளில் மூளையை எட்டி, மீண்டும் மீண்டும் புகையைக் கேட்கவைப்பது அதுதான். தார் குறைவு என்று விற்கப்பட்ட ‘லைட்’ சிகரெட்டுகள் செய்த தீங்கும் இதனோடு சேர்ந்தது. அவற்றின் வடிகட்டியைச் சுற்றிலும் கண்ணுக்கு எளிதில் படாத துளைகள் இருக்கும். சோதனை எந்திரத்தில் துளைவழியே காற்று கலந்து, தார் அளவு குறைவாகக் காட்டும். மனிதர் பிடிக்கும்போதோ விரலும் உதடும் துளைகளை மூடிவிடுகின்றன. நிக்கோட்டின் போதாதபோது ஆழமாகவும் இழுப்பார்கள்.

நுரையீரலோடு இது நிற்பதில்லை. வாய், தொண்டை, உணவுக்குழாய், கணையம், சிறுநீரகம், கருப்பை வாய் ஆகியவற்றிலும் புற்று வருகிறது. புகையிலுள்ள அரோமாட்டிக் அமீன்கள் இரத்தத்தில் கலந்து சிறுநீரில் இறங்குவதால் சிறுநீர்ப்பையும் தப்புவதில்லை. மாரடைப்பு, பக்கவாதம், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் ஆகியவையும் உண்டு. இந்தியாவில் காசநோயும் இந்தப் பட்டியலில் சேரும். தமிழ்நாட்டில் சுமார் 43,000 ஆண்களின் இறப்பை ஆராய்ந்து 2003-இல் ‘லான்செட்’ வெளியிட்ட ஆய்வில், புகைப்பவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட நான்கு மடங்கு இருந்தது. பீடியும் விலக்கன்று. அதன் இலையில் காற்று எளிதில் புகாது; அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துவிடும் என்பதால் புகையும் கூடுதலாக உள்ளே போகிறது.

ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1950-இல் லண்டன் மருத்துவமனை நோயாளிகளை வைத்து, புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள உறவைக் காட்டினர். சாலைத் தாரையும் வண்டிப் புகையையும் முதலில் சந்தேகித்த டால், ஆய்வு முடியும் முன்பே தம் புகைப்பழக்கத்தை விட்டார். 1951 முதல் அவர்கள் பின்தொடர்ந்த பிரிட்டிஷ் மருத்துவர்கள் பற்றிய 50 ஆண்டு முடிவு 2004-இல் வந்தது. புகைத்தவர்கள் சராசரியாகப் 10 ஆண்டு ஆயுளை இழந்திருந்தனர். 60 வயதில் நிறுத்தியவர்கள் அதில் சுமார் 3 ஆண்டுகளையும், 50-இல் நிறுத்தியவர்கள் 6 ஆண்டுகளையும், 40-இல் நிறுத்தியவர்கள் 9 ஆண்டுகளையும் மீட்டனர். 30 வயதில் நிறுத்தியவர்களுக்கு இழப்பு ஏறக்குறைய இல்லை.