வண்டிக்கு எஜமானைத் தெரியுமா?

பூட்டுக்கும் திருட்டுக்கும் நடக்கிற போட்டி மிகப் பழையது. அந்தப் போட்டியின் நடுவே ஒரு நாள் நள்ளிரவில் நான் அகப்பட்டுக்கொண்டு விழித்தேன்.

சில வருஷங்களுக்கு முன், தை மாதம். திருவையாற்றுப் பக்கத்தில் எங்கள் ஊரில் சம்பா அறுவடை முடிந்து, களத்தில் வைக்கோல் போர் ஏறியிருந்த சமயம். ராத்திரி இரண்டு மணிக்குப் பெரியம்மாவுக்கு மார்வலி கண்டது. தஞ்சாவூர் 13 கிலோ மீட்டர்தான். ஆனால் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆறுகளைத் தாண்டியாக வேண்டும். பெரியம்மாவைப் பின் ஸீட்டில் சாய்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். இஞ்சின் உறுமியது, இரண்டு விநாடி ஓடியது, நின்றது. மறுபடி திருப்பினேன். மறுபடியும் இரண்டே விநாடி. எதிரே, சாவிப் படம் போட்ட சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. 'நீ யார்? உன்னை எனக்குத் தெரியாதே!' என்று அது சொல்லுகிறது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

சத்தம் கேட்டு எதிர் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நெல் மூட்டை ஏற்றும் தம் சின்ன லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, சாக்கை உதறி விரித்தார். அதில்தான் பெரியம்மா ஐந்து ஆறுகளையும் தாண்டினாள். பிழைத்தாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி:

"ஏண்டா, உன் வண்டிக்கு உன்னையே அடையாளம் தெரியலையாமே?"

அந்தக் கேள்விதான் என்னைச் சரித்திரத்துக்குள் தள்ளிவிட்டது.

வண்டி என்றால் மாட்டு வண்டி என்றிருந்த காலத்தில், எங்கள் சீமையில் களவு போகத்தக்க சொத்துக்களில் முக்கியமானது மாடு. சூடு போட்டு அடையாளம் வைப்பார்கள். ஊருக்குக் காவல்காரர் உண்டு. விளைச்சலில் அவருக்குப் பங்கும் உண்டு. மாடு களவு போனால் கண்டுபிடித்துத் தருவதோ, ஈடு கட்டுவதோ அவர் பொறுப்பு. காவல் முறை சீர்கெட்ட இடங்களில் 'துப்புக்கூலி' என்று ஒரு வழக்கம் தலையெடுத்தது. நடுவே ஓர் ஆளிடம் கூலியைக் கொடுத்துவிட்டால், காணாமற் போன மாடு எங்கேயாவது ஒரு தோப்பில் சமர்த்தாகக் கட்டியிருக்கும்! இதை நியாயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒன்று: மாட்டுக்குச் சொந்தக்காரன் முகம் தெரியும், காவல்காரருக்கும் தெரியும். திருடனுக்குக் கூடத் தெரியும்.

மோட்டார் காருக்கு முகம் தெரியாது. ஆரம்பத்தில் அதற்குச் சாவியைக் கூடத் தெரியாது. முன்புறம் இரும்புக் கைப்பிடியைச் செருகி யார் சுழற்றினாலும் கிளம்பிவிடும். சுழற்றுகிறவன் கையைச் சில சமயம் ஒடித்தும் விடும். சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர் 1911-ல் அந்த வேலையை மின்சார மோட்டாரிடம் ஒப்படைத்தார். 1912-ம் வருஷத்துக் காடிலாக் கார்களில் அது வந்தது. போர்டு கம்பெனி தன் 'டி' மாடல் கார்களை மொத்தம் ஒன்றரைக் கோடி செய்து தள்ளியது. அவற்றில் 1919 முதல் வந்த சாவிகளுக்கு இரண்டு டஜன் தினுசுகளே உண்டு. ஒரு வளையத்தில் இருபத்து நாலு சாவியைக் கோத்துக்கொண்ட ஆசாமி, அத்தனை வண்டிகளுக்கும் எஜமானன்தான்!

சாவியைத் திருப்பினாலே இஞ்சின் கிளம்பும் ஏற்பாட்டைக் கிரைஸ்லர் கம்பெனி 1949-ல் கொண்டுவந்தது. ஆனாலும் அந்தச் சாவி வெறும் மின்சார ஸ்விட்ச்சுக்கு ஒரு கைப்பிடி, அவ்வளவே. 1950-களின் கடைசியில் வந்து 2014 வரை உற்பத்தியான நம் அம்பாசிடரை, சாவி தொலைந்த நாளில் டிரைவர்கள் ஒரு துண்டு ஒயரை வைத்துக்கொண்டே கிளப்பியதைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். டிரைவருக்குத் தெரிந்த வித்தை திருடனுக்குத் தெரியாதா?

1986-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி கார்வெட் என்னும் காரில் ஒரு புதுமை செய்தது. சாவித் தண்டில் ஒரு சின்னக் குண்டுமணி, அதற்குள் மின்தடை. மொத்தம் பதினைந்து அளவுகள். சாவியின் வெட்டு சரியாக இருந்தாலும் தடையின் அளவு ஒத்துவராவிட்டால் வண்டி சில நிமிஷம் மௌன விரதம் பூண்டுவிடும். யோசனை பேஷ்தான். ஆனால் சாவித் துவாரத்திலிருந்து போகும் மெல்லிய ஒயர், வருஷக்கணக்கில் அசைந்து அசைந்து அற்றுப்போகும்; குண்டுமணியில் அழுக்கு ஏறும். அப்போது சொந்தக்காரனே திருடனாகி நடுத் தெருவில் நிற்பான். என் தை மாத ராத்திரிக்கு மூதாதை அதுதான்.

அதன் பிறகு 1990-களில் சாவித் தலைக்குள்ளேயே ஒரு சில்லைப் புதைத்தார்கள். அதற்குப் பாட்டரி கிடையாது. பூட்டைச் சுற்றியுள்ள செப்புக் கம்பிச் சுருள் ரேடியோ அலையால் அதைத் தட்டி எழுப்பி, 'உன் நம்பர் என்ன?' என்று கேட்கும். பதில் சரியாக இருந்தால்தான் இஞ்சினுக்கு அனுமதி. இம்மொபிலைசர் என்று இதற்குப் பெயர். 1998 முதல் ஐரோப்பாவில் விற்கும் புதுக் கார்களில் இது இருந்தாக வேண்டுமென்று சட்டம் வந்தது. இதனால் நெதர்லாந்து தேசத்தில் கார்த் திருட்டு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று பொருளாதார நிபுணர்கள் பின்னால் கணக்கிட்டார்கள். ஆகவே, இந்தப் பூட்டை நான் குறை சொல்லத் தயாரில்லை.

பெரியம்மா வீடு திரும்பிய மறுநாள், திருவையாற்றிலிருந்து ஒயரிங் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் வந்தார்.

"பூட்டுத்தான் கெட்டுவிட்டது, தம்பி. பெட்டியையே மாற்றிவிடலாமா?" என்றேன்.

"அவசரப்படாதீங்க சார். கீழேயிருந்து வருவோம்" என்றார்.

முதலில் பாட்டரியில் மீட்டரை வைத்தார்: 12.5 வோல்ட். என்னைச் சாவியைத் திருப்பச் சொல்லி, மோட்டார் சுற்றும்போது பார்த்தார்: பத்துக்குக் கீழே இறங்கவில்லை. பாட்டரியிலிருந்து இஞ்சினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் ஒயரைப் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று சுரண்டிப் பார்த்தார். பியூஸ்களைப் பார்த்தார். பிறகு சாவி ஸ்விட்ச். எல்லாம் சரி. அதற்கப்புறம்தான் சிவப்பு விளக்கிடம் வந்தார். "வீட்டிலே மாற்றுச் சாவி இருக்கா சார்?" கொண்டுவந்து கொடுத்தேன். விளக்கு அதற்கும் கண் சிமிட்டிற்று. "இரண்டு சாவியும் ஒரே நாளிலே கெட்டுப் போகாது. கேட்கிற இடத்திலேதான் கோளாறு" என்றார்.

பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஓர் உண்மை பளிச்சென்றது. அவர் தேடிய வரிசை, நான் புத்தகங்களில் படித்த சரித்திர வரிசையேதான்! பாட்டரியும் மோட்டாரும் 1911. சாவி ஸ்விட்ச் 1949. சாவியின் அடையாளம் 1986-க்குப் பிறகு. புதிய காவல் ஒவ்வொன்றையும் பழைய காவலின் தலைமேல் அடுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அஸ்திவாரம் ஆடினால் மேல்மாடி உளறும். அதனால்தான் கெட்டிக்காரத் தொழிலாளி மேல்மாடியைத் திட்டுவதற்கு முன்னால் அஸ்திவாரத்தைத் தட்டிப் பார்க்கிறான். நானோ எடுத்த எடுப்பில் பெட்டியை மாற்றிப் பல ஆயிரம் ரூபாயைக் கொட்டி அழ இருந்தேன்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே மூடியைக் கழற்றினார். உள்ளே டார்ச்சை அடித்தவர் சிரித்துவிட்டார். பொலபொலவென்று ஒரு பிடி நெல் என் கால்மாட்டில் உதிர்ந்தது. கூடவே பஞ்சு, உமி. செப்புச் சுருளிலிருந்து வரும் ஒயர் இரண்டில் ஒன்று கடித்துத் துண்டாகியிருந்தது.

அறுவடையானதும் வயலில் எலிக்கு வேலையில்லை. அது கொட்டகைக்குக் குடிபெயர்ந்து, என் காரைப் பத்தாயமாக்கிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எத்தனையோ மூளைகள் கூடித் திருடனைத் தடுக்கச் செய்த பூட்டை, காவிரிக் கரையின் ஆதித் திருடன் இரண்டு பல்லால் ஜெயித்துவிட்டான்!

இளைஞர் ஒயரைச் சேர்த்து ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே உறை மாட்டினார். சாவியைப் போட்டேன். சிவப்பு விளக்கு ஒரு கணம் எரிந்து அணைந்தது. இஞ்சின் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது.

அன்று முதல் கொட்டகையில் இரண்டு கிட்டி வைத்திருக்கிறேன். மூங்கிலை வில்லாக வளைத்து நாண் கட்டிச் செய்யும் எலிப்பொறி. 'தஞ்சாவூர்க் கிட்டி' என்று வெளியூர்க்காரர்களும் பெயர் சொல்லும் அதே கிட்டிதான். எதிர் வீட்டுக்காரரின் டெலிபோன் நம்பரையும் கூடத்துச் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

பெரியம்மா மட்டும் இன்னும் வண்டியில் ஏறும்போதெல்லாம் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு தரம் கேட்காமல் இருப்பதில்லை:

"இன்னிக்கு உன்னைத் தெரியறதாடா அதுக்கு?"