மருத்துவர் உதவியாளர் பயிற்சி: தொலைவை எங்கிருந்து அளப்பது?

2021ஆம் ஆண்டின் இணைநிலை மருத்துவப் பணியாளர் தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் எந்தப் படிப்பையும் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் அறிவித்தது. அச்சட்டம் பட்டியலிடும் தொழில்களுள் மருத்துவர் உதவியாளர் பணியும் ஒன்று. அஞ்சலில் பாடநூலை அனுப்பிவிட்டுப் பட்டம் வழங்கும் வழக்கத்தை அறிந்தவர்கள் இந்தத் தடையை வரவேற்கவே செய்வார்கள். நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துப் பழகாதவரை வார்டுக்குள் விடக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆயினும் இந்தத் தடை மாணவருக்கும் பல்கலைக்கழக வளாகத்துக்கும் இடையிலான தூரத்தையே கணக்கில் எடுக்கிறது. மாணவருக்கும், அவர் செய்வதற்குப் பொறுப்பேற்று அருகில் நிற்கும் மருத்துவருக்கும் இடையிலான தூரத்தை அது பார்ப்பதில்லை. கற்பவரின் தரத்தைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது தூரமே என்பதற்கு இத்தொழிலின் வரலாறு முழுவதும் சான்று இருக்கிறது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கார்லண்ட் என்ற சிற்றூரில் ஏமஸ் ஜான்சன் என்ற மருத்துவர் இருந்தார். அவருடைய உதவியாளர் ஹென்றி லீ டிரெட்வெல் எந்தக் கல்லூரியிலும் மருத்துவம் பயின்றவர் அல்லர். ஜான்சனின் கூடவே இருந்து கற்று, அவர் ஊரில் இல்லாதபோதும் கிளினிக்கைக் கவனித்துக்கொள்ளும் அளவுக்குத் தேர்ந்தார். டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் 1965இல் முதல் மருத்துவர் உதவியாளர் படிப்பைத் தொடங்கியபோது அவர் கண்முன் இருந்த முன்மாதிரிகளுள் இதுவும் ஒன்று. கடற்படையில் மருத்துவப் பணியாற்றிய நால்வர் அதில் சேர்ந்தனர். மூவர் 1967இல் பட்டயம் பெற்றனர். ஆக, வளாகத்துக்கு வெளியே, ஒரு மருத்துவரின் நிழலில் கற்ற முறையைப் பார்த்துத்தான் வளாகம் தன் பாடத்திட்டத்தை வகுத்தது.

இதை இன்னும் துணிவாகச் செய்தவர் ரிச்சர்ட் ஸ்மித். நைஜீரியாவில் அமெரிக்க அமைதிப் படையின் மருத்துவராக இருந்தவர். 1969இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய மெடெக்ஸ் திட்டத்தில் வகுப்பறைக்கு ஒதுக்கியது ஏறத்தாழ மூன்று மாதம். மீதி ஓராண்டு கிராமப்புற மருத்துவர் ஒருவரிடம் நேரடிப் பயிற்சி. முடித்தபின் மாணவரைப் பணியில் வைத்துக்கொள்ள முன்வரும் மருத்துவரோடுதான் மாணவரை இணைத்தார்கள். இந்த ஏற்பாட்டின் நுட்பம் கவனிக்கத்தக்கது. நாளை தன் நோயாளிகளைப் பார்க்கப்போகிறவருக்குக் கற்பிக்கும் மருத்துவர் அரைகுறையாகக் கற்பிக்கமாட்டார். கற்பிப்பவரின் நலனும் கற்பவரின் நலனும் ஒன்றாகிவிடுகின்றன. எந்த மேற்பார்வைக் குழுவாலும் இதை வெளியிலிருந்து திணிக்க முடியாது. வட டகோட்டா பல்கலைக்கழகமும் 1970 முதல் இதே வழியில் சென்றது. அனுபவமுள்ள செவிலியர்கள் கிராண்ட் ஃபோர்க்ஸ் வளாகத்துக்கு அவ்வப்போது வந்து பாடம் கேட்டுவிட்டு, சொந்த ஊருக்குத் திரும்பி அங்குள்ள மருத்துவரிடம் பயின்றனர். குடும்பத்தையும் வேலையையும் விட்டு நகரத்துக்குக் குடிபெயர்பவர்கள் படிப்பு முடிந்தபின் ஊர் திரும்புவது அரிது என்ற அனுபவமே இத்தகைய திட்டங்களுக்கு அடிப்படை.

இணையம் வந்தபின் கேள்வி வேறு வடிவம் கொண்டது. யேல் பல்கலைக்கழகம் 2015இல் தன் மருத்துவர் உதவியாளர் படிப்பை, ஒரு தனியார் நிறுவனத்தின் துணையோடு, இணையவழியிலும் நடத்தப்போவதாக அறிவித்தது. ஏற்கெனவே உள்ள படிப்பின் மாணவர் எண்ணிக்கையைக் கூட்டுவதாக அது விண்ணப்பிக்க, அங்கீகார அமைப்பு மறுத்துவிட்டது. புதிய படிப்பாகவே தனியே ஆராயப்பட்டு, 2018 ஜனவரியில்தான் முதல் அணி சேர்ந்தது. பாடங்கள் திரையில், உடற்கூறியல் போன்றவற்றுக்கு வளாக முகாம், சுழற்சிமுறைப் பயிற்சி மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் நேரில். அந்த அமைப்பு இணையவழியை முற்றாக விலக்கிவிடவும் இல்லை, யேலின் பெயரைக் கண்டு தலையாட்டிவிடவும் இல்லை. நம் ஒழுங்குமுறையாளர்கள் பின்பற்ற வேண்டியது இதைத்தான்.

இந்தியாவிலும் இத்தொழில் மருத்துவமனையில் பிறந்ததே. இதய அறுவை மருத்துவர் கே.எம். செரியான் 1992இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதைத் தொடங்கினார். பின்னாளில் பிலானியின் பிட்ஸ் நிறுவனம் இதற்குப் பட்டம் வழங்கியது. பட்டம் தரும் பல்கலைக்கழகம் ராஜஸ்தானில் இருக்க, மாணவர் சென்னையில் அறுவை அரங்கிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் கற்றார். வளாகத்தை வைத்து அளந்தால் இது மிகத் தொலைவான படிப்பு. நோயாளியை வைத்து அளந்தால் இதைவிட நெருக்கமானது இல்லை. இதற்கு மாறாக, தினமும் வகுப்புக்கு வரும் மாணவர் போதிய நோயாளிகளைப் பார்க்காமலே பட்டம் பெற்றால், 2025ஆம் ஆண்டின் தடையில் அதைத் தடுக்க ஒரு சொல்லும் இல்லை.

எனவே தடைக்குப் பதிலாக நிபந்தனைகள் தேவை. மருந்தியலையும் நோயியலையும் மாணவர் எங்கிருந்தும் படிக்கலாம். நேரடிப் பயிற்சிக்கோ குறைந்தபட்ச மணிநேரம், பார்த்த நோயாளிகளின் பதிவேடு, கையொப்பமிட்டுப் பொறுப்பேற்கும் மருத்துவர், வெளித்தேர்வாளர் முன் உடற்பரிசோதனைத் தேர்வு ஆகியவற்றில் தளர்வு கூடாது. இவற்றுள் கடினமானது மருத்துவரைக் கண்டுபிடிப்பதுதான். அமெரிக்காவிலேயே பயிற்சி தரும் மருத்துவர்களுக்காகக் கல்லூரிகள் போட்டியிடுகின்றன. காலைப் புறநோயாளிக் கூட்டத்தில் மூச்சுவிட நேரமில்லாத நம் தாலுகா மருத்துவமனை மருத்துவரிடம் ஒரு மாணவரையும் ஒப்படைப்பதென்றால், கற்பிக்கும் நேரத்தை அவருடைய பணிநேரமாகவே கணக்கிட்டு, அதற்கான ஊதியத்தைப் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் மாணவர் கட்டணத்திலிருந்து தர வேண்டும் என்று விதியிலேயே எழுதியாக வேண்டும்.