சர்ப்பகந்தி வேரும் ஹகீம் அஜ்மல் கானும்

இரத்தக் கொதிப்புக்கு மூலிகை தேடுவோர் அறிய வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. ஆயுர்வேத வைத்தியர்களும் யூனானி ஹகீம்களும் சர்ப்பகந்தி வேரை உறக்கமின்மைக்கும் மனப்பிறழ்வுக்கும் நெடுங்காலம் கொடுத்து வந்தனர். நாட்டு மருந்துகளை ஆய்வுக்கூடத்தில் சோதித்தறிய விரும்பினார் டில்லி ஹகீம் அஜ்மல் கான். 1927இல் அவர் மறைந்தார். 1931இல் வேதியியலாளர் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி அவ்வேரிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு, அவர் நினைவாக ‘அஜ்மலின்’ எனப் பெயரிட்டார். அவ்வேர் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழொன்றில் விளக்கினார். 1952இல் அதிலிருந்து ரிசர்பின் கிடைத்தது. அழுத்தம் தணிந்தாலும், சிலரை மனச்சோர்வு பற்றியது.

மூலிகை என்பதாலேயே தீங்கற்றதெனக் கொள்ளலாகாது. மருந்து தேடுவது நபிவழி. மருத்துவரைக் கேட்டு, அளவறிந்து உண்பது, அமானிதமான இவ்வுடலுக்கு நாம் செய்யும் கடமை.