வேரில் இருந்த சிவப்பு

சிதம்பரத்தில் சிவகாமி அம்மன் சந்நிதிக்குப் போகிறவர்களில், மண்டபத்து விதானத்தை அண்ணாந்து பார்க்கிறவர்கள் அபூர்வம். சென்ற மார்கழியில் நானும் என் பெண்ணும் கழுத்து வலிக்கப் பார்த்தோம். 17-ஆம் நூற்றாண்டு நாயக்கர் கால ஓவியங்கள். பிட்சாடனர் கதை, மாணிக்கவாசகர் கதை. உதிர்ந்தது போக எஞ்சிய இடங்களில், உருவங்களுக்குப் பின்னே ஒரே சிவப்பு.

"இது மட்டும் எப்படியப்பா வெளுக்கவில்லை?" என்றாள்.

"காவிக்கல் அம்மா. மண் வெளுக்குமா?"

"அப்படியானால் துணியில்?"

கடலூர் போய்ச் சேரும்வரை ரயிலில் அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

சுவரில் எழுதுகிறவனுக்குத் தூரிகை பட்டதும் சிவப்புத் தெரியும். துணியில் எழுதியவனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கடுக்காயிலும் எருமைப் பாலிலும் தோய்த்த துணியில் அவன் எழுதியது படிகார நீரால். கண்ணுக்குத் தெரியவென்று அதில் கலந்த சாயமும் கழுவினால் போய்விடும். பிறகு சாயவேர் போட்ட கொப்பரையில் துணியைக் காய்ச்சினால், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிலைத்து நிற்கும். நம் கடற்கரை மணலில் படரும் இம்பூறல் செடியின் வேர்தான் அது.

இந்தக் கரையின் துணிக்காகத்தான் வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். 1690-இல் ஆங்கிலக் கம்பெனி மராத்தியரிடம் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியது; பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம்வரை அவர்களுக்கு. ஆனால் உள்ளூர் நெசவாளர் பிழைப்புக் கெடுகிறதென்று பிரான்சு 1686-லேயே நம் துணிக்குத் தடை போட்டிருந்தது. தடுத்தும் ஆசை விடவில்லை. 1742-இல் கோர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற சாயக்காரர்களைக் கேட்டறிந்து, செய்முறை முழுவதையும் கடிதமாக ஊருக்கு எழுதினார். குருவிடம் மறைக்கலாமா என்று நினைத்திருப்பார்கள், பாவம்!

1868-இல் இரண்டு ஜெர்மானியர், கிரேபேயும் லீபர்மானும், வேரிலுள்ள அதே சாயப்பொருளைக் கரித்தாரிலிருந்து எடுத்துவிட்டார்கள். மணலைத் தோண்டி வேரெடுத்த ஏழைகளின் பிழைப்பு அதோடு தேய்ந்தது. அவர்கள் முன்னோர் சிவக்க வைத்த துணிகள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கின்றன, எழுதியவன் பெயர் இல்லாமல். சிதம்பரத்து விதானமாவது நம் ஊரில் இருக்கிறது.

தேவனாம்பட்டினம் மணலில் நின்று என் பெண் கேட்டாள்: "அந்தச் செடி இப்போதும் முளைக்குமா, அப்பா?"

"முளைக்கும். சித்த வைத்தியர்கள் தேடுவார்கள்."

"எதற்கு?"

"இரத்தம் கக்குகிறவர்களுக்கு மருந்து" என்றேன்.