மலையகப் பெருந்தோட்டங்களில் தோற்பொருள் பேணல் – ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தமிழரின் வரலாற்றை எழுத முற்பட்டோர் தேயிலையையும் தொழிற்சங்கத்தையும் குடியுரிமைப் பிரச்சினையையுமே பெரிதும் முதன்மைப்படுத்தியுள்ளனர். இவற்றின் இன்றியமையாமையை எவரும் மறுப்பதற்கில்லை. எனினும், ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாறு சட்டங்களிலும் ஒப்பந்தங்களிலும் மட்டும் அடங்கிவிடுவதன்று. அவர்தம் கைகள் நாளாந்தம் கையாண்ட பொருள்களிலும் அது பதிந்து கிடக்கின்றது. அத்தகைய பொருள்களுள் தோலும் ஒன்றாகும். துரை பங்களாவின் கதிரை, தேயிலைத் தொழிற்சாலையின் வார்ப்பட்டை, லயத்துத் தப்பு ஆகிய மூன்றும் தோலால் ஆனவை. மூன்றும் மலைநாட்டு ஈரத்தாற் கெடுபவை. ஆயின் அவற்றைச் சீர்செய்யும் முறையும், சீர்செய்த கைகளுக்குக் கிடைத்த மதிப்பும் ஒன்றாக அமையவில்லை. கொட்டகலைப் பகுதியை மையமாகக் கொண்டு இவ்வேறுபாட்டினை நோக்குவது பயனுடையதாகும்.

களமும் காலநிலையும்

அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையே அமைந்துள்ளது கொட்டகலை. 1869 ஆம் ஆண்டளவில் இலங்கையிற் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பிப் பயிரை அழித்தொழிக்க, 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய தேயிலைச் செய்கை இம்மலைகளெங்கும் பரவிற்று. 1885 இல் புகையிரதப் பாதை நானுஓயாவரை நீண்டபோது கொட்டகலையும் கொழும்புத் துறைமுகத்துடன் இணைந்தது. அதன்பின் தொழிற்சாலை இயந்திரங்களும் பங்களாத் தளபாடங்களும் இருப்புப் பாதை வழியே மலையேறுவது எளிதாயிற்று.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இம்மலைச்சரிவுகள் நாட்கணக்கில் மழையிலும் மூடுபனியிலும் மூழ்கியிருக்கும். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு எழுபதைக் கடந்து நீடிக்குமாயின் தோலிற் பூஞ்சணம் படரத் தொடங்கும். இங்கோ அவ்வளவு ஈரம் வழமையானதே. ஆதலின் மலைநாட்டில் தோற்பொருளை வைத்திருப்பதென்பது ஈரத்துடன் இடையறாது போராடுவதென்றே பொருள்படும்.

பங்களாக் கதிரை

தோட்டத் துரைமாரின் பங்களாக்களிற் பிரம்பு பின்னிய சாய்மனைக் கதிரைகளே விறாந்தைகளை அணிசெய்தன. உள்ளே, கணப்படுப்பின் அருகே, தோல் போர்த்திய கதிரைகள் இடம்பெற்றன. நுவரெலியாவில் 1876 இல் நிறுவப்பெற்ற ஹில் கிளப் போன்ற துரைமார் கழகங்களிலும் அத்தகைய இருக்கைகளே அந்தஸ்தின் அடையாளமாயின. சுதேசிகள் அக்கழகத்தின் கதவைக் கடந்து உறுப்பினராவதற்கு நெடுங்காலம் சென்றது. அவர்கள் ஊழியராக நின்று துடைத்த கதிரைகளில் அமரும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை.

இத்தகைய கதிரைத் தோல் பெரும்பாலும் மரப்பட்டைச் சாற்றினாற் பதனிடப்பட்டதாகும். பதனிட்ட தோலின் நார்கள் எண்ணெய்ப் பசையினாலேயே நெகிழ்வு பெறுகின்றன. பசை வற்றினால் தோல் வெடிக்கும். ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும். நனைந்த தோலை நெருப்பருகே வைத்தால் அதன் நார்கள் சுருங்கி, மீளா வண்ணம் இறுகிவிடும். எனவே அதனை நிழலில், காற்றோட்டத்தில், மெல்ல உலர்த்துதலே முறையாம். பூஞ்சணத்தை வீட்டிற்கு வெளியே கொண்டு சென்று தூரிகையால் அகற்ற வேண்டும். பின்னர் எண்ணெயைச் சிறிதளவே துணியிற் தொட்டுத் தேய்த்தல் வேண்டும். எண்ணெய் மிகுந்தாலோ அழுக்குப் படிவதுடன் தோலும் கருத்துவிடும்.

கிழிசலைச் சீர்செய்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. கிழிந்த விளிம்புகளை வெறுமனே சேர்த்துத் தைப்பின், ஊசித் துளைகளின் வரிசையே அடுத்த கிழிசலுக்கு வழிவகுக்கும். அதனால், கிழிசலின் அடிப்புறத்தே ஓரம் மெலிதாகச் சீவப்பெற்ற தோற்துண்டு ஒன்றைச் செருகி, பசையிட்டு ஒட்டி, மேலே விளிம்புகளைப் பொருத்தி, பாரம் வைத்து உலரவிடுவர். அதன்பின் நிறமும் மெழுகும் பூசுவர். பொறுமையும் கைப்பழக்கமும் ஒருங்கே வேண்டப்படும் பணி இது.

தொழிற்சாலை வார்ப்பட்டை

தேயிலைத் தொழிற்சாலையில் நீர்ச்சில்லோ நீராவி எந்திரமோ சுழற்றிய நெடுந்தண்டிலிருந்து உருட்டு இயந்திரங்களுக்கும் உலர்த்திகளுக்கும் விசையைக் கடத்தியவை தட்டையான வார்ப்பட்டைகளாகும். இவற்றுட் பல தோலால் ஆனவை. ஈரத்தில் தோல் நீளும். நீண்ட பட்டை கப்பியில் வழுக்கும். பட்டை வழுக்கினால் உருட்டு இயந்திரம் தளரும். பறித்த கொழுந்தோ காத்திருக்காது. ஆகவே பட்டையைக் கழற்றி, அளவு குறைத்து வெட்டி, தோல் நாடாவினால் மீளப் பிணைத்து, ஆமணக்கெண்ணெயோ கொழுப்போ தடவி மீண்டும் பூட்டுதல் தொழிற்சாலைப் பணியின் ஒரு பகுதியாயிற்று. 1950 இல் லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி மின்வலு பரவியதும், இறப்பரும் கன்வசும் சேர்ந்த பட்டைகள் பெருகியதும் தோற்பட்டையின் காலத்தை முடிவுறச் செய்தன.

லயத்துத் தப்பு

பதனிட்ட தோல் ஒருபுறமிருக்க, பதனிடாத பச்சைத்தோலின் வரலாறு லயத்தில் தொடர்ந்தது. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த மக்களுடன் தப்பும் கடல் கடந்து வந்தது. விடியற்காலையிற் தொழிலாளரைப் பிரட்டுக்களத்திற்கு அழைத்ததும், காமன் கூத்தில் ஆட்டத்தை நடத்தியதும், இறந்தோரை வழியனுப்பியதும் இக்கருவியே. சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்ட வாழ்வைப் பாடிய ஆங்கில நெடுங்கவிதையிலும் விடியலை எழுப்பும் பறையொலி இடம்பெற்றுள்ளமை இதன் முதன்மையைப் புலப்படுத்தும்.

மரவளையத்தின் மீது கன்றுத்தோலை இழுத்து, புளியங்கொட்டைப் பசையினால் ஒட்டி உலர்த்தித் தப்பு செய்யப்படும். பச்சைத்தோல் ஈரத்தைப் பருகித் தளரும், ஒலி மங்கும். உடனே வைக்கோலையோ சருகையோ கொளுத்தி அச்சூட்டிற் காட்டினால் தோல் முறுகி, ஒலி மீளும். கதிரைத் தோலைக் கொல்லும் நெருப்பே தப்புத் தோலை உயிர்ப்பிக்கின்றது. இவ்விரு தோல்களின் இயல்பினை அறிந்து, எதனை நிழலில் வைப்பது, எதனை நெருப்பிற் காட்டுவது என்று பகுத்துணர்வது நுண்ணறிவின் பாற்பட்டதன்றோ? நூல் வாயிலாக அன்றி, தலைமுறை தலைமுறையாகக் கைவழி வந்த அறிவு அது.

அறிவும் இழிவும்

தோலைப் பற்றிய இவ்வறிவு தமிழர் சமுதாயத்திற் சாதியுடன் பிணைக்கப்பட்டிருந்தது. தோல் தொட்டவன் தீண்டத்தகாதவன் எனத் தள்ளப்பட்டான். கங்காணி முறையின் கீழ்த் தோட்டங்களுக்கு வந்தோருட் பெரும்பாலார் பள்ளர், பறையர், சக்கிலியர் எனப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்களே. கடலைக் கடந்தும் இழிவு அவர்களைத் தொடர்ந்தது. ஆங்கிலத் துரை தோற்கதிரையில் அமர்ந்தால் அது பெருமை. தோலைத் திருத்துபவன் லயத்தில் அமர்ந்தால் அவன் கைத்தண்ணீர் தீட்டு. ஒரே பொருள் ஒருவனுக்கு உயர்வையும் மற்றவனுக்குத் தாழ்வையும் தந்தமையே இவ்வரலாற்றின் கசப்பான உண்மையாகும்.

இந்த அறிவின் தொடர்ச்சியும் பின்னர் அறுபட்டது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியா ஏற்க வேண்டுமென வகுத்தது. குடும்பங்கள் பிரிந்தன, கைவினைஞன் ஒருபுறமும் அவனிடம் பழக வேண்டிய இளையோன் மறுபுறமுமாகச் சென்ற நிலையில் கைவழி அறிவு எங்ஙனம் நிலைக்கும்?

மாறிய காலம்

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களாற் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 2005 முதல் அட்டனை அண்டிய காசல்ரீ நீர்த்தேக்கப் பகுதியிற் பழைய பங்களாக்கள் சில, உல்லாசப் பயணிகளின் விடுதிகளாக மாறின. துரைமார் காலத்துத் தளபாடங்கள் இப்போது பழம்பொருள் என்னும் புதுமதிப்பைப் பெற்றுள்ளன.

சாதாரண இல்லங்களிலும் இன்று 'லெதர் செட்டி' எனப்படும் இருக்கைகள் காணப்படுகின்றன. பெயர் தோலாயினும், இவற்றுட் பல துணிமீது செயற்கைப் பூச்சு ஏற்றப்பட்டவையே. பொலியூரித்தேன் பூச்சினை ஈரக்காற்று சில ஆண்டுகளிற் சிதைத்துவிடும். அது செதில் செதிலாக உரியும். எண்ணெயிட்டு அதனை மீட்க இயலாது. உண்மைத் தோல் முறையாகப் பேணப்பட்டால் ஒரு தலைமுறையைக் கடந்தும் நிலைக்கும். போலித்தோலோ திருத்துபவனையே தேவையற்றவனாக்கிவிடுகின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தோற்பொருள் பேணல் என்பது அற்பமான வீட்டுவேலை அன்று என்பதும், மலையகத்தின் காலநிலை, உற்பத்தி, சாதி, குடியுரிமை ஆகிய அனைத்தும் வந்து கூடும் ஒரு சந்தி என்பதும் பெறப்படும். தப்பு இழிவின் சின்னமாதலின் அதனைக் கைவிடல் வேண்டும் என்பாரும், அதனைக் கலையாக உயர்த்திப் பேணல் வேண்டும் என்பாரும் உளர். இருசாராரும் ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. இழிவு தோலிற் பிறந்ததன்று; அதனைத் தொட்ட கையை இழித்த மனத்திற் பிறந்தது. அக்கைகளின் அறிவினை, அதனை உடைய முதியோர் வாழும் காலத்திலேயே அவர்தம் வாய்மொழியாகக் கேட்டுப் பதிவுசெய்தல் மலையக வரலாற்று மாணவரின் கடமையாகும். கதிரைக்குப் பழம்பொருள் மதிப்பு வழங்கும் காலம், அதனைத் திருத்திய கைக்கும் உரிய மதிப்பை வழங்குதல் வேண்டும்.